காப்பிக் கருவி வாங்கும் முன்: குமரி மாவட்டத்து அடுக்களைக்கு ஒரு கணக்கு

கடையில் போய் "நல்ல காப்பி மெஷின் இருக்கா?" என்று கேட்டால், விலை கூடியதைத்தான் எடுத்து முன்னால் வைப்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. வீட்டில் குடிப்பது பால் காப்பியா, கருப்பட்டி போட்ட கடுங்காப்பியா? ஒரு வேளைக்கு எத்தனை தம்ளர்? பக்கத்தில் கிடைப்பது எந்தப் பொடி? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதிக் கருவிகள் தாமாகவே கழிந்துபோகும்.

இதற்கு ஒரே ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டால் போதும்: போடும் பொடிக்கு எவ்வளவு சாறு இறங்குகிறது என்பது. வெந்நீரை அழுத்தத்தில் பொடி வழியே தள்ளும் எஸ்பிரஸோ மெஷினில் 18 கிராம் பொடிக்கு சுமார் 36 கிராம் சாறு, அதாவது ஒன்றுக்கு இரண்டு. நம்மூர் பில்டரில் ஒன்றுக்கு நான்கு. மோக்கா பாட் என்னும் இத்தாலிய அடுப்புக் கெண்டியில் ஒன்றுக்கு ஏழு, எட்டு. பொடியை ஊறவைத்து வலைத்தட்டால் அமுக்கி வடிக்கும் பிரெஞ்சு பிரஸ்ஸில் ஒன்றுக்குப் பதினைந்து. முதல் இரண்டில் இறங்குவது மூன்று பங்கு பாலைத் தாங்கும். மோக்கா சாறு தன் அளவுக்கோ சற்றுக் கூடுதலாகவோ பாலைத் தாங்கும். பிரஸ்ஸில் இறங்குவதில் பாலை ஊற்றினால் காப்பி மணமுள்ள பால்தான் மிஞ்சும். "விலை கொடுத்து வாங்கினேன், பில்டர் காப்பி ருசி வரவில்லையே" என்ற புலம்பலில் பெரும்பகுதி இந்த எண்ணைப் பார்க்காமல் வாங்கியதால் வருவது.

பால் காப்பி குடிக்கும் வீடு என்றால் நேரே பாத்திரக்கடைக்குப் போகலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எவர்சில்வர் பில்டரை மிஞ்ச இன்னொன்று வேண்டியதில்லை. ஆனால் அதையும் அளவு பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அளவு பார்ப்பது எப்படி

நாலு பேர் இருக்கும் வீடு, ஆளுக்கு ஒரு தம்ளர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தம்ளருக்கு டிகாஷன் 35 மில்லி, பால் 105 மில்லி. நாலு தம்ளருக்கு டிகாஷன் 140 மில்லி. அதற்குப் பொடி 35 கிராம், மட்டமாக வழித்த மேசைக்கரண்டியில் ஏழு. பொடி தன் எடையைப்போல இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் மீதியைக் கீழே விடும். ஆக ஊற்ற வேண்டிய தண்ணீர் 140 அல்ல, 140 கூட்டல் 70, மொத்தம் 210 மில்லி. "நாலு பேருக்கு ஊற்றினேன், மூணு பேருக்குத்தான் வந்தது" என்றால் அந்த 70 மில்லியைக் கணக்கில் விட்டிருப்பார்கள்.

பொடியும் தண்ணீரும் சேர்ந்து நிற்க மேல்பாத்திரம் கால் லிட்டர் கொள்ள வேண்டும். அதைவிட முக்கியம் அதன் அகலம். 35 கிராம் பொடி சுமார் 90 மில்லி இடம் பிடிக்கும். 7 சென்டிமீட்டர் அகலமுள்ள பாத்திரத்தில் போட்டால் இரண்டே கால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான உயரத்தில் நிற்கும். தண்ணீர் அதனூடே பொறுமையாக இறங்கி வரும். அதே பொடியை 10 சென்டிமீட்டர் அகலமுள்ளதில் போட்டால் ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் நிற்கும்; தண்ணீர் வழி கண்டுபிடித்து ஓடிவிடும், டிகாஷன் வெளிறிப் போகும். "விருந்தாளி வந்தால் உதவும்" என்று பெரிய பில்டராக வாங்குகிறவர்களுக்கு நடப்பது இதுதான். வருஷத்தில் பத்து நாளைக்கு வரும் விருந்தாளிக்காக மீதி நாளெல்லாம் தண்ணிக்காப்பி குடிக்க வேண்டாம். தினசரிக்கு ஒரு சின்னதும் விசேஷத்துக்கு ஒரு பெரியதுமாக இரண்டு வாங்கினாலும் செலவு ஒன்றும் பெரிதில்லை.

கடையில் நிற்கும்போதே மேல்பாத்திரத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கவும். துளைகள் ஊசிமுனை அளவில், ஒரே சீராக, விளிம்பு வரை இருக்க வேண்டும். நடுவில் மட்டும் துளையிட்டு ஓரத்தில் வெறும் தகடாக இருந்தால் ஓரத்துப் பொடி வீண். உள்பக்கம் விரலால் தடவினால் பிசிறு தட்டக்கூடாது. குடைபோல இருக்கும் அமுக்குத்தட்டு உள்ளே தளர்வாக இறங்கினாலும் சுவருக்கும் அதற்கும் பெரிய இடைவெளி இருக்கக்கூடாது.

பலர் பார்க்காமல் விடுவது, மேல்பாத்திரம் கீழ்பாத்திரத்தில் எவ்வளவு இறுக்கமாக உட்கார்கிறது என்பது. மிக இறுக்கமாக உட்கார்ந்தால் கீழே உள்ள காற்று வெளியேற வழியிருக்காது. டிகாஷன் பாதியில் நின்றுவிடும். பொடி சரியில்லை என்று பொடிக்கடைக்காரரைத் திட்டுவோம். வீட்டுக்கு வந்ததும் பொடி போடாமல் வெறும் தண்ணீரை மேலே நிரப்பிப் பாருங்கள். தூவானம்போல ஒரே சீராக விழுந்து முடிந்தால் சரி. நடுவில் தயங்கி நின்றால் அந்தப் பில்டரில் ஒவ்வொரு நாளும் மேல்பாத்திரத்தைச் சற்றே தூக்கிச் சாய்வாக வைக்க வேண்டியிருக்கும், மாற்றிக்கொள்வதே நல்லது.

பித்தளைப் பில்டர் சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துவைக்கும், பார்க்கவும் அழகு. ஆனால் டிகாஷனுக்குப் புளிப்புத்தன்மை உண்டு; உள்ளே பூச்சு இல்லாத பித்தளையில் களிம்பு ஏறும். ஈயம் பூசுவது என்று பேச்சுவழக்கில் சொன்னாலும் பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் கலந்ததைக் கிட்டேயே சேர்க்கக்கூடாது. பூச்சு தேய்ந்து உள்ளே மஞ்சள் தெரிந்தால் மறுபடி பூசும்வரை நிறுத்திவைக்கவும். பூசித் தர ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் எவர்சில்வரே மேல்.

இறக்கும் முறை

பில்டர் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். பொடியைப் போட்டு மேல்பாத்திரத்தைப் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினால் மட்டமாகும். அமுக்குத்தட்டை வைத்து, கையின் எடை மட்டும் படும் அளவுக்கு அழுத்தவும். தட்டை எடுக்க வேண்டாம். அது இருந்தால்தான் ஊற்றும் தண்ணீர் பொடியைக் குழி பறிக்காது. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிஷம் விடவும். முதலில் 30, 40 மில்லி மட்டும் சுற்றி ஊற்றி இன்னோர் அரை நிமிஷம் காத்திருக்கவும். பொடி நனைந்து, உப்பி, உள்ளிருக்கும் காற்றை விடும். அதன் பிறகு மீதித் தண்ணீரை ஊற்றி மூடவும்.

15 முதல் 20 நிமிஷத்துக்குள் முக்கால்வாசி இறங்கியிருந்தால் எல்லாம் ஒழுங்கு. ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிட்டால் பொடி கொரகொரப்பாக இருக்கிறது, அல்லது அழுத்தியது போதவில்லை. முக்கால் மணி நேரமாகியும் மேலே தண்ணீர் நின்றால் பொடி மைபோல இருக்கிறது, அல்லது சிக்கரி கூடிவிட்டது, அல்லது துளை அடைத்திருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க மறுபடியும் வெறும் தண்ணீர்ச் சோதனைதான்: அது சரியாக விழுந்தால் குற்றம் பொடியில்.

துளை அடைத்த எவர்சில்வர் பில்டரை நன்றாகக் காயவைத்து, இடுக்கியில் பிடித்து அடிப்பக்கத்தைச் சிறுதீயில் காட்டி, ஆறியதும் தட்டினால் கருகிய பொடி உதிர்ந்துவிடும். கொஞ்சம் நீலம் பாய்ந்ததுபோல நிறம் மாறும், பரவாயில்லை. பித்தளையில் மட்டும் இந்த வேலையைச் செய்யவே கூடாது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். அடுப்புத் தீ அதைவிட எவ்வளவோ சூடு. பூச்சு போய்விடும்.

இறங்கிய டிகாஷனை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் மணம் போய் கசப்பு மட்டும் நிற்கும். ஆறிப்போனால் கிண்ணத்தோடு வெந்நீரில் இறக்கிச் சூடாக்கவும். பாலைத்தான் பொங்கக் காய்ச்ச வேண்டும். மேலே மறுபடி வெந்நீர் ஊற்றி எடுக்கும் இரண்டாம் டிகாஷன் தனியாக நிற்காது. முதல் டிகாஷனோடு கலக்க மட்டும் ஆகும்.

பொடியும் காற்றும்

சிக்கரி என்பது ஒரு செடியின் வேர்; வறுத்து அரைத்துக் கலக்கிறார்கள். காப்பியைவிட இருமடங்காகத் தண்ணீரில் கரையும், டிகாஷனுக்கு நிறமும் கனமும் கொடுக்கும். ஊறி உப்புவதால் ஓட்டத்தையும் தாமதப்படுத்தும். கலப்புப் பொடியில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது சட்டம். இரண்டின் விகிதமும் பாக்கெட்டில் அச்சாகியிருக்கும். பால் காப்பிக்கு 80க்கு 20 நல்ல தொடக்கம். 60க்கு 40 வாங்கினால் நிறம் வரும், மணம் வராது. அரைத்துத் தரும் கடையில் "பில்டருக்கு" என்று சொன்னாலே போதும். மோக்காவுக்கும் பிரஸ்ஸுக்கும் அந்தப் பதம் ஆகாது, அதைப் பிறகு பார்ப்போம்.

கடற்காற்றும் இரண்டு மழைக்காலமும் உள்ள மாவட்டம் இது. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை ஈரம் விட்டுப் போவதில்லை. அரைத்த பொடியை அரைக்கிலோ வாங்கி வைத்தால் கடைசிக் கால்வாசி கட்டிதட்டி, மணமற்ற தூளாகத்தான் இருக்கும். வாரத்துக்கு நூறு, நூற்றைம்பது கிராமாக வாங்கி, இறுக்கமாக மூடும் டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வைக்கவும். பிரிட்ஜில் வைத்தால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் குளிர்ந்த பொடியின்மேல் ஈரம் படியும்.

மோக்கா பாட்

இத்தாலியில் அல்ஃபோன்சோ பியலெட்டி 1933இல் கொண்டுவந்தது. கீழே தண்ணீர்ப் பாத்திரம், நடுவில் பொடி போடும் புனல், மேலே சாறு வந்து நிறையும் குடுவை, இடையில் ஒரு ரப்பர் வளையம். ஐந்து நிமிஷத்தில் காப்பி வந்துவிடும். விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவர், ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கிறவர் என்று அரைத் தூக்கத்தில் காப்பி போடுகிறவர்களுக்கு வசதி.

பெட்டியில் "3 கப்" என்று போட்டிருப்பதை நம்ம தம்ளர் என்று நினைத்துவிடக் கூடாது. அது ஐம்பது மில்லிக்குள் அடங்கும் இத்தாலியக் குட்டிக் கோப்பை. 3 கப் மோக்காவில் சுமார் 16 கிராம் பொடிக்கு 120 மில்லி இறங்கும். தம்ளருக்கு 60 மில்லி சாறும் 80 மில்லி பாலுமாக இரண்டு தம்ளர் வரும். நாலு பேருக்கு 6 கப் பாட் வேண்டும். புனலைப் பாதி மட்டும் நிரப்பிச் செய்தால் ருசி கெடும் என்பதால், எத்தனை பேர் குடிக்கிறார்களோ அந்த அளவுக்கே வாங்க வேண்டும்.

அடிப்பாத்திரத்தில் பக்கவாட்டில் இருக்கும் வால்வுக்குக் கீழே நிற்குமாறு வெந்நீர் ஊற்றவும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது சூடேறும் நேரம் முழுக்கப் பொடி உலர்ச்சூட்டில் வேகும். புனலில் பொடியை நிரப்பி விரலால் வழித்துவிட வேண்டும், அழுத்தக்கூடாது. துணியால் பிடித்து இறுக்கித் திருகி, சிறுதீயில், மூடி திறந்தபடி வைக்கவும். கருஞ்சிவப்பாக வரத் தொடங்கி, நிறம் வெளுத்து, கடகடவென்று சத்தம் வரும் கணத்தில் இறக்கிவிட வேண்டும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு வருவது ஆவியும் கசப்பும்தான்.

இதில் நம்மூர் 70க்கு 30 பொடியைப் போட்டால் சிக்கரி உப்பி வழியை அடைக்கும். சாறு வராது, வால்வு வழியாக ஆவி பீறிடும். சிக்கரி இல்லாத பொடி, பில்டர் பதத்தைவிட ஒரு துளி கொரகொரப்பாக. வால்வு அடைத்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கவும், அதுதான் உயிர்க்காப்பு. அலுமினிய மோக்கா இன்டக்ஷன் அடுப்பில் சூடாகாது. அதற்குக் காந்தம் ஒட்டும் எவர்சில்வர் அடி உள்ளது வேண்டும். காஸ் அடுப்பில் வேறொரு சிக்கல்: சின்னப் பாட் பர்னர்க் கம்பிகளுக்கு நடுவே கவிழும். மேலே வைக்கும் சிறிய கம்பி வளையம் ஒன்றையும் சேர்த்தே வாங்குங்கள்.

கடுங்காப்பிக்காரர்களுக்கு

கருப்பட்டிக் காப்பி மட்டும்தான் குடிப்போம் என்றால் உண்மையில் எந்தக் கருவியும் தேவையில்லை. தண்ணீரும் கருப்பட்டியும் கொதித்துக் கரைந்ததும் இறக்கி, பொடியைப் போட்டு மூடி, நாலு நிமிஷம் விட்டுத் துணியில் வடித்தால் முடிந்தது. துணியில் வடிக்கும் வேலை வேண்டாம், கொஞ்சம் வண்டல் இருந்தாலும் பரவாயில்லை என்கிறவர்களுக்குப் பிரெஞ்சு பிரஸ்: ரவைப்பதத்தில் அரைத்த பொடி 30 கிராம், தண்ணீர் 450 மில்லி, நாலு நிமிஷம், பிறகு மெதுவாக அமுக்குதல். பில்டர் பொடியைப் போட்டால் கம்பிவலை அடைத்து அமுக்கவே முடியாது. பலத்தைக் காட்டினால் கண்ணாடி உடையும், வெந்நீர் கைமேல்.

கருப்பட்டியை நேரடியாக எந்தக் கருவியின் தண்ணீர்த் தொட்டியிலும் போட்டுவிட வேண்டாம். அதில் மணலும் தும்பும் இருக்கும், பாகும் குழாய்க்குள் காய்ந்து அடைக்கும். 100 கிராம் கருப்பட்டியை 60 மில்லி தண்ணீரில் உருக்கி, துணியில் வடித்துப் பாகாகப் பிரிட்ஜில் வைத்துக்கொண்டால் தம்ளருக்கு ஒரு கரண்டி விட்டுக்கொள்ளலாம். பால் காப்பியில் விடுவதானால் கடைசியில், பொங்கும் சூடு அடங்கிய பிறகு. பழைய கருப்பட்டியில் புளிப்பு ஏறியிருக்கும். கொதிக்கும் பாலில் விழுந்தால் திரிந்துவிடும்.

காகித வடிகட்டி வைத்த மின் டிரிப் மெஷின், கடுங்காப்பியை அரை லிட்டர், ஒரு லிட்டராகக் குடிக்கிறவர்களுக்கு ஆகும். லிட்டருக்கு 60 கிராம், சிக்கரி கூடாது. சிக்கரிப் பொடி போட்டால் காகிதம் அடைத்து மேடையெல்லாம் வழியும். பொடி அடைத்த சிறு குப்பியைப் போடும் கேப்ஸ்யூல் மெஷினில் தவறு செய்யவே இடமில்லை, ஆனால் அந்தக் கம்பெனியின் கேப்ஸ்யூலையே காலம் முழுக்க வரவழைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

எஸ்பிரஸோ மெஷின் வாங்கியே தீருவேன் என்றால்

மலிவான வகையில் பம்பு இருக்காது. கொதிகலன் ஆவியின் அழுத்தத்தில் தண்ணீரைத் தள்ளும். தண்ணீர் கொதிநிலையிலேயே வருவதால் சாறு கருகிய வாடை அடிக்கும். அது பெரிய மோக்கா பாட், அவ்வளவே. பம்பு உள்ளதில் அழுத்தத்தின் அளவாக 15 பார், 20 பார் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பொடியின்மேல் வேண்டியது சுமார் 9 பார். 18 கிராம் பொடி, 36 கிராம் சாறு, 25 முதல் 30 விநாடி. பத்து விநாடியில் ஓடிவந்தால் பொடி கொரகொரப்பு. சொட்டுச் சொட்டாக வந்தால் மிக நைசு. இதை ஒவ்வொரு புதுப் பொடிக்கும் திருத்த வேண்டியிருப்பதால், கல்போல் அரைக்கும் பர் கிரைண்டர் இல்லாமல் இந்த மெஷினை வாங்குவதில் அர்த்தமில்லை. பணம் அளவாக இருந்தால் முதலில் கிரைண்டர். மெஷின் அடுத்த வருஷம் வரட்டும். மிக்ஸியில் அரைத்தால் பாதி மாவும் பாதி நொய்யுமாக வரும்.

இன்னொன்று, நேரம். ஓர் ஆளுக்கு அரைத்து, நிரப்பி, இறக்கி, பாலை நுரைக்க மூன்று நாலு நிமிஷம் ஆகும். ஆறு பேர் ஒரே நேரத்தில் தம்ளரோடு நிற்கும் வீட்டில் கடைசி ஆள் சாயா போட்டுக்கொண்டு போய்விடுவார்.

மின்சாரத்தையும் பாருங்கள். 1350 வாட் மெஷின் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 6 ஆம்பியர் இழுக்கும். சாதாரணச் சின்னப் பிளக்கில் தினமும் ஓட்டினால் பிளக் உருகக்கூடும், 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் பெரும்பாலும் இதைத் தாங்காது. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு இந்த மாவட்டத்தில் பல ஊர்களுக்குப் பல நாள் கரண்ட் வரவில்லை. எந்த மெஷின் வாங்கினாலும் பழைய பில்டரை ஆக்கருக்குப் போட்டுவிட வேண்டாம். பழுது வந்தால் நாகர்கோவிலிலேயே பார்ப்பார்களா, திருவனந்தபுரத்துக்கோ திருநெல்வேலிக்கோ தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதையும் பில் போடும் முன்பே கேளுங்கள்.

தண்ணீர்

முக்கடல் அணைத் தண்ணீர் குழாயில் வரும் நாகர்கோவில் வீட்டுக்கும், கடலோரத்தில் கிணற்றையோ போரையோ நம்பியிருக்கும் வீட்டுக்கும் ஒரே பொடி ஒரே ருசி தராது. உங்கள் தண்ணீர் எப்படி என்று அறிய வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியைப் பார்த்தால் போதும். வெள்ளையாகப் படிந்திருந்தால் அதுவே மெஷினின் குழாய்க்குள்ளும் படியும். சூடு குறையும், ஓட்டம் குறையும், கடைசியில் பம்பு நிற்கும். குடிக்க வைத்திருக்கும் தண்ணீரையே காப்பிக்கும் ஊற்றுங்கள். உப்புக்கரித்த தண்ணீரில் எந்தக் கருவியும் காப்பி தராது.

படிவு எடுக்க எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்), லிட்டருக்கு 15 கிராம். தொட்டியில் ஊற்றிப் பாதியை ஓடவிட்டு, கால் மணி நேரம் நிறுத்தி, மீதியை ஓடவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு தொட்டி கழுவவும். வெள்ளைப் படிவு தெரியும் வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அலுமினிய மோக்காவுக்கு இது வேண்டாம், புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். வெந்நீரில் அலசித் துடைத்து, திருகாமல் பிரித்தே வைத்தால் போதும். அதன் ரப்பர் வளையம் காலப்போக்கில் கல்லாகிவிடும். திருகுமிடத்தில் ஆவி சீறினால் அதை மாற்றும் நேரம் வந்துவிட்டது. அந்த அளவு வளையம் பிறகு கிடைக்குமோ என்னவோ, பாட் வாங்கும் அன்றே ஒன்று உபரியாக வாங்கி அடுக்களை இழுப்பில் போட்டுவையுங்கள்.